போய்வரும் பருவம்

ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு பயிலும் மாணவர், அங்குள்ள இடத்தை இழக்காமலும் மாற்றுச் சான்றிதழ் வாங்காமலும், ஒரே ஒரு பருவத்தை மட்டும் நாட்டின் வேறொரு பல்கலைக்கழகத்தில் பயின்றுவிட்டுத் தம் வகுப்புக்கே திரும்பும் ஏற்பாடு உள்நாட்டு மாணவர் பரிமாற்றம் எனப்படுகிறது. கல்லூரி மாறுபவர் திரும்புவதில்லை. கல்விச் சுற்றுலா போகிறவர் தேர்வு எழுதுவதில்லை. பரிமாற்றத்தில் செல்பவரோ அயலூரில் தேர்வும் எழுத வேண்டும், சொந்தக் கல்லூரிக்குத் திரும்பவும் வேண்டும் என்பதால், இந்த ஏற்பாட்டின் பயனைப் போன இடத்தை வைத்து மட்டும் அளக்காமல், திரும்பி வந்த இடத்தையும் சேர்த்தே அளக்க வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த கல்லாவி போன்ற ஊர்களுக்குப் போக்குவரத்து புதிதன்று. ஓசூர்ச் சிப்காட் தொழிற்சாலைகளுக்கும், எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்வது இவ்வட்டாரத்தில் இயல்பான வாழ்க்கைமுறையாகிவிட்டது. ஆயினும் பிழைப்புக்காக எளிதில் கடக்கும் எல்லையை, ஒரு பருவப் படிப்புக்காகக் கடந்து மீள்வது இன்னும் பழக்கமாகவில்லை.

இத்தகைய பயணத்துக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுந்தாவில் உள்ள 5ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, மயூரசர்மன் என்னும் இளைஞர் தம் ஆசிரியர் வீரசர்மனுடன் பல்லவர் தலைநகரான காஞ்சிக்கு வந்து, கடிகை எனப்பட்ட உயர்கல்வி நிலையத்தில் பயிலச் சேர்ந்ததையும், அங்கே பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு ஏற்பட்ட சச்சரவால் மனம் கொதித்து வாளேந்தியதையும் கூறுகிறது. வனவாசியைத் தலைநகராகக் கொண்ட கடம்ப அரசு அந்தச் சினத்திலிருந்தே பிறந்தது. மயூரசர்மன் காஞ்சியை வெறுக்க நேர்ந்தது பாடத்தின் குறையால் அன்று. வெளியூரிலிருந்து வந்த மாணவரை ஊர் நடத்திய விதத்தால்தான் என்பது, இன்று வெளிமாநில மாணவரை விடுதியில் வரவேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் எண்ணிப்பார்க்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான சான்று இம்மாவட்டத்திலேயே கிடைக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஓசூரிலும் பின்னர்ப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் பயின்று, சென்னையில் சட்டம் படித்து, 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஓசூர் அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்ததால், இரு பெருநகரங்களின் கல்வியுடன் அவர் தம் மாவட்டத்துக்கே திரும்பினார் என்று கொள்ளலாம். 1917இல் சேலம் நகராட்சியின் தலைவராகவும் ஆனார். அவர் படித்த காலத்தில் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே அந்த இணைப்பு முடிவுற்றது. ஆகவே, சமஸ்தானத்துக்கும் மாகாணத்துக்கும் இடையே எல்லை இருந்த காலத்தில்கூட, படிப்புக்கு ஒரே பல்கலைக்கழகத்தின் அளவுகோல் இருபுறமும் செல்லுபடியானது.

பல்கலைக்கழகங்கள் பெருகியபோது அளவுகோல்களும் பெருகின. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க உதவும் அலகே கிரெடிட் எனப்படும் மதிப்பலகு. ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடைபெறும் விரிவுரை, அல்லது இரண்டு மணி நேரம் நடைபெறும் செய்முறை, பொதுவாக ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகள், மாணவர் வெவ்வேறு நிறுவனங்களில் பெறும் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் மின்னணு வங்கி ஒன்றை ஏற்படுத்தின. அவ்வாறு சேமித்தவை பொதுவாக 7 ஆண்டு வரை செல்லும். ஆனால் பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 சதவீதக் கிரெடிட்டையாவது பெற்றிருக்க வேண்டும் என்பதும் அவ்விதிமுறைகளில் அடங்கும். வெளியே சென்று பயிலும் உரிமையோடு, தாய்க் கல்லூரியில் வேரூன்றி நிற்கும் கடமையும் அங்கே சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது.

வங்கி கணக்கை மட்டுமே வைக்கும். இந்தத் தாள் அந்தத் தாளுக்கு நிகரா என்பதைத் தாய்க் கல்லூரியின் துறையும் பாடத்திட்டக் குழுவும்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே 4 கிரெடிட் உள்ள புள்ளியியல் தாள் அங்கே 3 கிரெடிட்டாக இருந்தால், மீதி ஒன்றை எதைக்கொண்டு ஈடுகட்டுவது என்பது மாணவர் பேருந்து ஏறுவதற்கு முன்பே எழுத்தில் உறுதியாக வேண்டும். இல்லையேல் கடைசிப் பருவத்தில் அது அரியராக வந்து நிற்கும். 1987இல் 11 நாடுகளோடும் 3,244 மாணவர்களோடும் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில், மாணவரும் அனுப்பும் நிறுவனமும் ஏற்கும் நிறுவனமும் முன்கூட்டியே கையெழுத்திடும் கற்றல் உடன்படிக்கை என்னும் ஆவணம், இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே நடைமுறையில் உள்ளது.

ஒரு பருவம் என்ன கற்றுத்தரும் என்பதைக் கேழ்வரகைக் கொண்டே விளக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் அதை அடுத்த கர்நாடகப் பகுதிக்கும் கேழ்வரகு பொதுவான பயிர். ஆனால் அதை ஆராயும் பல்கலைக்கழகங்கள் இரண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகமும் எல்லைக்கு அப்பால் தொலைவில் இல்லை. இங்கே பயிலும் மாணவர் பையூர் 2 என்னும் ரகத்தை அறிந்திருப்பார். அங்கே சென்றால், குலைநோயைத் தாங்கி வளரும் ஜி.பி.யூ. 28 என்னும் ரகத்தை வயலில் காண்பார். எந்த ரகம் உயர்ந்தது என்று தீர்ப்புக் கூறுவதற்காக அவர் அங்கே போகவில்லை. ஒரே மானாவாரிப் பயிருக்கு இரு நிலையங்கள் இருவேறு பரிந்துரைகளை ஏன் தருகின்றன, மழையும் மண்ணும் நோயும் விதைப்புக் காலமும் அதில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்னும் கேள்வி அவருக்குள் எழுவதே அந்தப் பருவத்தின் பெறுபேறு. ஒரே நிலையத்தின் பரிந்துரையை மட்டும் படித்தவருக்கு அது விதியாகத் தோன்றும். இரண்டையும் கண்டவருக்கு அது காரணங்களோடு கூடிய முடிவாகப் புலப்படும்.

செலவு என்னும் தடையும் சிறிதன்று. சொந்த ஊரிலிருந்து நாள்தோறும் கல்லூரிக்குப் போய்வரும் மாணவருக்கு விடுதி வாடகையும் மெஸ் கட்டணமும் புதிய சுமைகள். முதல் தலைமுறையாகப் பட்டம் பயிலும் பிள்ளையின் பெற்றோர் அதற்குத் தயங்குவதில் தவறில்லை. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய தேசிய மாணவர் பரிமாற்றத் திட்டம், வெளிமாநில மாணவருக்குரிய மிகைக் கட்டணத்தை வாங்காமல், தாய்ப் பல்கலைக்கழகக் கட்டணத்தையோ ஏற்கும் மாநிலத்தவருக்குரிய கட்டணத்தையோ மட்டும் செலுத்த வழிசெய்தது. அதுபோன்று கட்டணமும் உதவித்தொகையும் மாணவரோடு கூடவே செல்லும் ஏற்பாடு இல்லாவிடில், பரிமாற்றம் வசதியுள்ளவர்களின் உரிமையாகவே எஞ்சிவிடும்.

ஆனால் விதியாலும் பணத்தாலும் மட்டும் தீராத ஒரு பணி இறுதியில் எஞ்சுகிறது. திரும்பி வந்த மாணவரிடம் மதிப்பெண் பட்டியலை மட்டும் வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடும் கல்லூரி, அந்தப் பருவத்தில் தனக்குரிய பங்கை இழக்கிறது. அங்கே ஆய்வகக் குறிப்பேடு எப்படி எழுதப்படுகிறது, நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, கேள்வி கேட்கும் மாணவரை ஆசிரியர் எப்படி எதிர்கொள்கிறார் என்பவற்றைத் துறையினர் முன்னிலையில் அவர் ஒரு மணி நேரம் எடுத்துரைக்க வாய்ப்பளித்தால், ஒருவர் போய்வந்த பயன் வகுப்பு முழுவதற்கும் சேரும். அடுத்த ஆண்டு விண்ணப்பம் எழுதத் தயங்கும் மாணவிக்கும் அது துணிவு தரும். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும் குடும்பம் காட்டும் துணிவுக்கு, திரும்பி வருபவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதே கல்லூரி செலுத்தத்தக்க முறையான கைம்மாறு.