சித்திரத் தொடரும் துணைநூலும்

தொலைக்காட்சியிலே சிறுவர் கண்டு களிக்கும் சித்திரத் தொடர்களுக்கு, அவற்றின் பாத்திரங்களையும் அவரவர் ஆற்றல்களையும் விளக்கும் கைந்நூல்கள் பல இந்நாளில் வெளிவருகின்றன. குளுவாங்கிலாயினும் சிகாமட்டிலாயினும் புத்தகக் கடைக்குட் புகும் பெற்றோர் இவற்றைக் காணாது வெளிவருதல் அரிது. பிள்ளை ஒன்றைப் பற்றிக்கொண்டு விடாமையால் எழும் வழக்கினைத் தீர்க்காது வெளிவருதல் அதனினும் அரிது. இவை படிக்கத் தக்கனவா? கார்ட்டூனே வீண், அதற்கொரு நூல் இருமடங்கு வீண் என்று ஒரே மூச்சில் தீர்ப்புரைப்போர் நம்மிற் பலர். அத்தீர்ப்பு ஆராய்ந்து கூறப்பட்டதன்று.

ஒரு படைப்புக்குத் துணையாக மற்றொரு நூல் எழுதுதல் நமக்குப் புதியதோ? திருக்குறளுக்கு உரை கண்டார் பதின்மர் என்பது வழிவழிச் செய்தி. பரிமேலழகர் துணையின்றிக் குறளுட் புகுந்தவர் சிலரே. இது கற்றோர் வழக்கு எனின், எளியோர் வழக்கும் உண்டு. சினிமாக் கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை அறியாதவர் நம் முதியோருள் யார்? நடிகர் பெயர்களும், பாட்டுக்களும், கதைச் சுருக்கமுமே அதில் இருக்கும். அக்கதையும் பாதிவழி சென்று, மிச்சத்தை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லி நின்றுவிடும். வியாபாரத் தந்திரமே, ஐயமில்லை. ஆயினும் பள்ளி செல்ல வாய்ப்பற்ற தொழிலாளர் சிலர் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் அச்சுத்தாள் அதுவாகவே இருந்தது. 1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யின் வசனத்தை நெட்டுருச் செய்து மேடையிற் பேசப் பழகிய இளைஞரும் பலர். ஆகவே துணைநூல் என்ற ஒரு காரணம் பற்றியே இகழ்தல் முறையன்று.

நிற்க. இக்கால நூல்கள் யாவும் ஓரினத்தன அல்ல. 'போக்கிமான்' என்னும் தொடர் 1997-இல் ஜப்பானில் தொடங்கியது. 2015-இல் வெளிவந்த அதன் ஆங்கிலக் கைந்நூல் ஒன்று, 700-க்கு மேற்பட்ட கற்பனை உயிர்களைப் பெயரும் உயரமும் எடையும் ஆற்றலுமாக வரிசைப்படுத்துகிறது. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற தொடருக்கு 2010-இல் அதனைப் படைத்தோரே வெளியிட்ட ஓவிய நூல் வேறு வகையினது, ஒரு பாத்திரம் முதலில் எவ்வாறு வரையப்பட்டது, பின்னர் எவ்வாறு மாறியது என்பதனை அது காட்டுகிறது. 'கிராவிட்டி ஃபால்ஸ்' கதையினுள்ளே சிறுவன் ஒருவன் கையில் ஒரு மருமக் குறிப்பேடு உண்டு. அவ்வேட்டினையே 2016-இல் உண்மை நூலாக அச்சிட்டனர். திரை சொல்லாது விட்ட சிலவற்றை அது சொல்லுவதால், அதனைக் கதையின் பகுதி என்றே கொள்ளலாம். இவை தவிர, பொம்மைக் கடையின் விலைப்பட்டியலுக்கு அட்டை தைத்தாற்போன்ற நூல்களும் உள. அவற்றைப் பற்றி நேரம் செலவிட வேண்டுவதில்லை.

இவற்றுள் ஓவிய நூலே மேலானது என்பது நமது கருத்து. திரையில் இமைப்பொழுதில் மறையும் ஒரு காட்சிக்குப் பின்னே எத்தனை கைகள் உழைத்தன என்று அறியும் பிள்ளை, வெறுமனே பார்த்திருப்பவன் என்ற நிலையைக் கடந்து, தானும் பென்சிலை எடுக்கத் துணிவான். பட்டியல் நூலோ அத்தகையதன்று. எனினும், நான்கு பக்கக் கதையைக் கண்டே அஞ்சியோடும் பிள்ளைக்கு, நான்கு வரியில் முடியும் குறிப்பு ஒரு படிக்கட்டாகும். அவனிடமிருந்து அதைப் பிடுங்கிக் கொண்டு, ஒன்றும் தாராது விடுதல் கொடுமை.

ஆனாற் பட்டியலில் ஒரு நஞ்சும் கலந்திருக்கிறது. அதனை நம் நாட்டுத் தொடர்களைக் கொண்டே காணலாம். 2007-இல் நோன்பு மாதத்துக்கென எழுந்த 'உப்பின் இப்பின்' தொடரில் ராஜு என்ற இந்தியச் சிறுவனும், உணவுக்கடை முத்துவும் உளர். 2011-இல் தொடங்கிய 'போபோய்போய்' தொடரில் கோபால் இருக்கிறான். மலாய்ப் பேச்சினிடையே 'டேய்' என்று அவன் விளிக்கும்போது நம் பிள்ளைகள் அடையும் களிப்பு சொல்லில் அடங்காது. கோபாலைப் பட்டியலில் ஏற்றினால் என்ன எழுதலாம்? பொருள்களை உணவாக மாற்றும் ஆற்றல் உடையவன், தின்பதில் பெருவிருப்பன், எளிதில் அஞ்சுபவன். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. ஆயினும், நடுங்கிக்கொண்டே நண்பர்பக்கம் நிற்கும் கோபால் அவ்வரியில் இல்லை. அச்சம் உடையவன் நிற்பதன்றோ வீரம்? தொடரைக் கண்டவன் அதனை அறிவான்; பட்டியலை மட்டும் படித்தவன், இந்தியப் பையன் என்றாற் சோற்றுப் பிரியன், கோழை என்று கொண்டு போவான்.

தோட்டப்புறத்து மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கிராணியார் செக்ரோலிற் பதிந்த வரியும் உண்மையே: பெயர், எண், வேலைநாள், கூலி. அவ்வொரு வரியைக் கொண்டு நம் பாட்டன் பாட்டியரை அறிந்தோம் என்று எவரேனும் கூறினால் நாம் பொறுப்போமா? ஓர் உயிரை வரியில் அடக்கி அவ்வளவே அவன் என்று எண்ணும் பழக்கம், சாதிப் பெயர் கேட்டு ஆளை எடைபோடும் பழக்கத்தின் உடன்பிறப்பு. சிறுவர் நூலில் இதனைக் காண்பது மிகை என்பார் இருக்கலாம். சிறுவயதிற் படிந்த வரியே நெடுநாள் அழியாது நிற்பது என்பதே அவர்க்கு நம் விடை.

ஆதலின் நூலை வாங்கித் தருவதா என்று வழக்காடும் தாய் தந்தையர், பிள்ளை அத்தொடரைப் பார்த்திருக்கிறானா என்று முதலிற் கேட்க. பாராதவனுக்குப் பட்டியல் வேண்டா. பார்த்தவனாயின், கூலியில் ஒரு பகுதி போயினும் வாங்கித் தருக. உடன் ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகமும் தருக. அதில் கோபாலைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அச்சுநூல் விட்டவை எவை என்று கேட்டுப் பாருங்கள்.