சுவரும் சாட்சியும்

கலை உண்மையைக் கூற வேண்டும் என்பதில் முற்போக்காளரிடையே கருத்து வேறுபாடில்லை. ஆனால், அவ்வுண்மை யாரை நோக்கிக் கூறப்படுகின்றது, அதனால் நோவது யார் என்னும் வினாக்களை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. அமெரிக்கச் சுவரோவியர் விக்டர் ஆர்னோட்டொவின் வாழ்வும், அவர் தீட்டிய சுவர்கள் பட்ட பாடும் இவ்வினாக்களை நம்முன் நிறுத்துகின்றன.

1896இல் ரஷ்யப் பேரரசிற் பிறந்த ஆர்னோட்டொவ், ஜார் மன்னரின் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். உள்நாட்டுப் போரிற் செம்படைக்கு எதிராக நின்று, தோல்வியின் பின் சீனாவிற் புகலடைந்தவர். 1925இல் ஓவியம் பயிலச் சான்பிரான்சிஸ்கோ சென்றார். பின்னர் மெக்சிக்கோவில் டியேகோ ரிவேராவின் உதவியாளராகப் பணியாற்றி, மக்கள் கூடும் இடங்களுக்குரிய சுவரோவியக் கலையைக் கற்றார். புரட்சியை எதிர்த்து வாளேந்திய அதே மனிதர் பிற்காலத்தில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார்.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ரூஸ்வெல்ட் அரசு, வேலையற்றிருந்த ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பொதுக் கட்டடங்களிற் சித்திரம் தீட்டுவித்தது. அவ்வகையில் சான்பிரான்சிஸ்கோவின் ஜோர்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பாடசாலையில், 1600 சதுர அடிப் பரப்பில், 13 பகுதிகளாக வாஷிங்டனின் வாழ்க்கையை அவர் 1936இல் தீட்டி முடித்தார். ஈரச் சுண்ணச் சாந்தின்மீது வர்ணம் தீட்டும் முறை அது. சாந்து உலர, வர்ணமும் சுவரோடு ஒன்றாகிவிடும். சட்டமிட்ட படம்போல அதைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுவதற்கில்லை.

பாடநூல்கள் அன்று காட்டிய வாஷிங்டன் அப்பழுக்கற்ற தேசபிதா. ஆர்னோட்டொவோ, அவரது தோட்டத்தில் உழைத்த கறுப்பு அடிமைகளைச் சித்திரத்தின் முன்னே கொணர்ந்தார். இன்னொரு பகுதியில், மேற்கு நோக்கிக் கைகாட்டும் வாஷிங்டன். சாம்பல் நிறத்தில் முன்னேறும் குடியேறிகள். அவர்தம் காலடியிற் பூர்வகுடி மனிதன் ஒருவனின் பிணம். ஒரு தேசத்தின் அத்திவாரத்தில் என்ன புதைந்துள்ளது என்பதை, தேசபிதாவின் பெயர் தாங்கிய பாடசாலையிலேயே அவர் வரைந்து வைத்தார்.

ஆயினும் 1960களின் பிற்பகுதியிற் கறுப்பின மாணவர் அச்சித்திரங்களை எதிர்த்தனர். 2019இல் எதிர்ப்பு மீண்டும் வலுப்பெற, கல்விச் சபை முதலில் அவற்றை வர்ணம் பூசி அழிக்கவும், பின்னர் பலகைகளால் மூடவும் தீர்மானித்தது. 2021இல் நீதிமன்றம் அத்தீர்மானத்தைத் தள்ளிற்று. 2022இற் சபையே அதனைக் கைவிட்டது.

1955இல் நிக்ஸனைக் கேலி செய்து படம் வரைந்ததன் பின், அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டவர் ஆர்னோட்டொவ். அன்று அவரை அடக்க முயன்றோரையும், 2019இற் சுவரை மூடக் கோரிய பெற்றோரையும் ஒரே தட்டில் வைத்தல் நேர்மையன்று. பின்னவரின் கூற்றில் ஓர் உண்மை உண்டு. அப்பிணம் யாருக்குப் பாடம்? வாஷிங்டனைத் தெய்வமாக்கியோரின் பிள்ளைகளுக்கே. கொல்லப்பட்டோரின் வழிவந்த பிள்ளைக்கு அதில் அறியாத செய்தி எதுவுமில்லை. தன் முன்னோர் விழுந்து கிடப்பதை மட்டுமே அது நாள்தோறும் காண்கின்றது. பிறர் கற்க வேண்டிய பாடத்துக்கு அப்பிள்ளை விலை கொடுக்கின்றது.

எனினும், சுவரை அழித்தால் எஞ்சுவது யாது? பாடநூலின் பழைய வாஷிங்டன் மட்டுமே. குற்றத்தின் சாட்சியை அகற்றுவதால் முதலில் நிம்மதியடைபவன் குற்றவாளியே.

இச்சிக்கலுக்கு ஒரு விடையை டூயி கிரம்ப்லர் என்னும் கறுப்பின ஓவியர் அளித்தார். மாணவரின் எதிர்ப்பின் விளைவாக, கறுப்பின, பூர்வகுடி, ஆசிய, லத்தீன் அமெரிக்க மக்களை விழுந்தவராகவன்றி எழுந்து நிற்பவராகக் காட்டும் சித்திரங்களை 1974இல் அதே பாடசாலையில் அவர் தீட்டி முடித்தார். பழையதை அழிக்காமல் அதற்கு மறுமொழி கூறினார். 2019இல் ஆர்னோட்டொவின் சுவரைக் காக்கக் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஆசிரியனாகிய எனக்கு இவ்வரலாறு கலையைவிட என் தொழிலையே அதிகம் நினைவூட்டுகின்றது. சுவர் தானாகப் பேசுவதில்லை. இப்பிணம் ஏன் இங்கே வரையப்பட்டது, வரைந்தவன் யார் பக்கம் நின்றான் என்று எடுத்துரைக்க எவருமின்றி ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்காக அதனைக் கடந்து சென்றிருப்பின், தவறு ஓவியனுடையதன்று; எம்முடையது. எல்லாம் எடுத்துரைத்த பின்னும் அப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்குமாயின், அதற்கும் அதற்கு உரிமையுண்டு.