விருந்தினன் கடன்

ஓர் இடத்தோடு மனிதன் கொள்ளும் உறவு பெரும்பாலும் இருவகையாகவே பேசப்படுகிறது. ஒன்று உடையவனின் உறவு. மற்றொன்று வழிப்போக்கனின் உறவு. தன் வீட்டு முற்றத்தில் குப்பை கிடந்தால் உடையவன் உடனே கூட்டித் தள்ளுகிறான். அதே குப்பை சாலையோரத்தில் கிடந்தால் வழிப்போக்கன் கண்டும் காணாதவனாய்க் கடந்து போகிறான். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது உறவு ஒன்றும் உண்டு. விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஓர் ஏரிக்கரைப் பூங்காவுக்குச் சென்று, மணற்பரப்பில் கூடாரம் அமைத்து, நீராடி, சோறாக்கி உண்டு, ஓரிரவு உறங்கி, மறுநாள் வீடு திரும்பும் மனிதனின் உறவே அது. அவன் அந்த இடத்துக்கு உடையவன் அல்லன். வெறும் வழிப்போக்கனும் அல்லன். ஓரிரவுக்கு அந்த மணல் அவனுக்குப் படுக்கையாகிறது. அந்த மரம் அவனுக்குக் கூரையாகிறது. அவன் அவ்விடத்தின் விருந்தினன். அவனுக்குக் கடமை என்று ஏதேனும் உண்டா? உண்டெனில், அது யாருக்குச் செலுத்த வேண்டிய கடன்?

விருந்தோம்பலைத் தமிழினம் பேரறமாகப் போற்றி வந்திருக்கிறது. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமே அதற்கென அமைந்தது. ஆயினும் அது விருந்தை ஏற்றுப் பேணுவானின் அறம். விருந்தாகச் செல்வானின் அறத்துக்கென வள்ளுவர் தனி அதிகாரம் வகுக்கவில்லை. அதற்குத் தேவை எழவில்லை போலும். வீட்டில் விருந்தளிப்பவன் கண்ணெதிரே நிற்கிறான். அவன் முகத்தைப் பார்த்தே விருந்தினன் தன் நடையைத் திருத்திக் கொள்கிறான். பாயைச் சுருட்டி வைக்கவும், இலையை எடுத்துப் போடவும் எவரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கரையிலோ நிலைமை வேறு. அங்கே விருந்தளிப்பவனின் முகம் தெரிவதில்லை. முகம் தெரியாத ஒருவனிடம் நன்றியோடு நடந்துகொள்வது எப்படி என்பதே இங்கு எழும் சிக்கல்.

விருந்தளிப்பது இயற்கை என்று விடைகூறி விடலாம். ஆனால் மலேசியாவின் ஏரிகள் பலவற்றுக்கு இந்த விடை பாதி உண்மையே. திரெங்கானு மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள கென்யிர் ஏரி ஏறத்தாழ 260 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அது இயற்கை தந்த ஏரியன்று. மின்னாக்கத்துக்காக 1978 முதல் 1985 வரை கட்டப்பட்ட அணை, ஆறுகள் ஓடிய பள்ளத்தாக்குகளை நீரால் நிரப்பியது. இன்று அதன் நடுவே அழகழகாய்த் தோன்றும் 340 தீவுகளும் உண்மையில் தீவுகளாகப் பிறந்தவை அல்ல; நீரில் மூழ்காமல் எஞ்சிய குன்றுகளின் தலைகளே அவை. நீர்மட்டம் தாழும் காலங்களில் பட்டுப்போன பழைய மரங்கள் நிற்பதைப் படகில் செல்வோர் காணலாம். 400 மெகாவாட் மின்னாற்றலைத் தரும் அந்நிலையம் வீடுகளுக்கு விளக்கேற்றுகிறது; காடு ஒன்று அதற்கு விலையாகத் தரப்பட்டது.

பேராக் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள தெமெங்கோர் ஏரியின் கதை இன்னும் ஆழமானது. 1970களில் அங்கே அணை எழுந்தபோது, அந்தப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஒராங் அஸ்லி மக்கள் தங்கள் இடங்களை விட்டுப் பெயர்ந்து, புதிய குடியிருப்புகளுக்குச் செல்ல நேர்ந்தது. இன்று கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியே வந்து, பண்டிங் தீவிலிருந்து படகேறி, ஏரிக்கரையில் முகாமிடும் இளைஞன் காண்பது அமைதியான நீர்ப்பரப்பு. அந்த நீருக்கு அடியில் பிறர் நடந்த பாதைகள் இருக்கின்றன.

ஏரிக்கரையின் வெண்மணலுக்கும் ஒரு வரலாறு உண்டு. கிந்தா, லாருட் பள்ளத்தாக்குகளில் ஈயம் தோண்டிய காலத்தில், நிலத்தை நீரால் கரைத்து, சேற்றை மேலேற்றி, பலகை வாய்க்கால்களில் ஓடவிட்டு, கனமான ஈயத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஈயம் கப்பலேறியது, மணல் இங்கேயே தங்கியது. தோண்டிய குழிகளில் நீர் நிறைந்து குட்டைகளாயிற்று. தைப்பிங் நகரத்தின் புகழ்பெற்ற ஏரிப் பூங்கா, கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில் 1880இல் உருவாக்கப்பட்டதே. பேராக்கிலும் சிலாங்கூரிலும் இத்தகைய குட்டைகள் பல இன்று பூங்காக்களாகவும் பொழுதுபோக்கு இடங்களாகவும் மாறியுள்ளன. வெயிலில் முழங்கால் அளவு நீரில் நின்று உழைத்தவர்களின் பெயர்கள் அந்த மணலில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அந்த உழைப்பின் எச்சத்தின் மேல்தான் இன்றைய குழந்தை மணல்வீடு கட்டுகிறது.

ஆகவே, விருந்தளிப்பவனுக்கு முகம் இல்லை என்பது சரியன்று. முகங்கள் பல, அவை மறைந்துவிட்டன என்பதே சரி. இழந்தவர்கள், உழைத்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், அழிந்துபோன காடு ஆகிய எல்லாரும் எல்லாமும் சேர்ந்தே அந்த ஓரிரவு இன்பத்தை அளிக்கின்றனர். பிறர் இழப்பில் பிறந்த அழகை நுகர்வது குற்றமா என்று ஒருவர் கேட்கலாம். குற்றமன்று. இழப்பு நிகழ்ந்துவிட்டது; நுகராமல் இருப்பதால் மூழ்கிய காடு மீண்டும் எழாது. ஆனால் அந்த அழகை இரண்டாம் முறை அழிப்பது குற்றம். ஒருமுறை விலை கொடுத்துப் பெறப்பட்டதை மறுமுறையும் பாழாக்கினால், முதலில் கொடுத்த விலையும் வீணாகிவிடும்.

இங்கே மூன்று மறுப்புகள் எழும்.

'நுழைவுக் கட்டணம் கொடுத்தேன், வரியும் கட்டுகிறேன், துப்புரவு செய்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்' என்பது முதல் மறுப்பு. பணம் எதை வாங்குகிறது என்பதை ஆராய்ந்தால் இதன் வலுவின்மை விளங்கும். கட்டணம் செலுத்தியவன் உள்ளே செல்லும் இசைவைப் பெறுகிறான். அந்த இடத்தைக் குறைத்துவிட்டு வெளியேறும் உரிமையைப் பெறுவதில்லை. நூலகத்துக்குச் சந்தா கட்டியவன் நூலின் பக்கத்தைக் கிழித்துச் செல்லலாம் என்று எவரும் வாதிடுவதில்லை. துப்புரவுத் தொழிலாளியும் ஒரு மனிதரே. உணவு உண்டவன் குனிய மறுத்ததால் அவர் குனிகிறார். ஒருவனுடைய சோம்பலைச் சுமப்பதற்கென்று இன்னொருவனின் முதுகு படைக்கப்படவில்லை.

'நான் ஒருவன் விட்டுச் செல்லும் சிறிதளவு குப்பையால் என்ன கேடு வந்துவிடும்?' என்பது இரண்டாம் மறுப்பு. இது வலிமையான மறுப்பு; ஏனெனில் இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஒரு கைப்பிடிச் சோற்றால் ஏரி கெட்டுவிடாது. ஆனால் எஞ்சிய உணவு கிடக்கும் இடத்தை எலிகள் நாடி வருகின்றன. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் நோய்க்கிருமிகள் தங்கி, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் மனித உடலுக்குள் நுழைகின்றன. பகாங் மாநிலம் மாரான் வட்டாரத்தின் லூபோக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில் 2010ஆம் ஆண்டு, நீரில் மூழ்கிய இளைஞர் ஒருவரைத் தேடச் சென்றவர்களிடையே எலிச்சிறுநீர்க் காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோடோசிஸ் நோயும் காணப்பட்டன. அவர்களுள் பலர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் எலிச்சிறுநீர்க் காய்ச்சல், கண்டவுடன் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக்கப்பட்டது. அந்த மரணங்களுக்கு இன்னாருடைய செயல்தான் காரணம் என்று எவரும் விரல் நீட்ட முடியாது. அறம் கடினமாவது அங்கேதான். யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாத தீங்குகளில் எல்லாருக்கும் பங்கு உண்டு. ஆனால் எவருக்கும் உறுத்தல் இல்லை. நீதிமன்றம் அங்கே செல்ல முடியாது. மனச்சான்று ஒன்றே செல்ல முடியும்.

தீய எண்ணம் இன்றியும் தீங்கு விளையும். இரவு முழுதும் எரிந்த நெருப்பை அணைக்க நினைக்கும் ஒருவன், அருகிலுள்ள மணலை அள்ளித் தணலின் மேல் கொட்டிவிட்டுப் போகிறான். புகை நின்றுவிடுகிறது, கடமை முடிந்ததாக அவன் எண்ணுகிறான். மணலோ வெப்பத்தை உள்ளே அடக்கிப் பல மணி நேரம் வைத்திருக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல், கீழே தணல். மறுநாள் காலையில் அவ்வழியே ஒரு குழந்தை வெறுங்காலோடு ஓடிவருகிறது. ஒரு வாளி நீர் ஊற்றியிருந்தால் அந்தக் குழந்தையின் பாதம் வெந்திருக்காது. அவன் கொடியவன் அல்லன். தனக்குப் பின் ஒருவர் வருவார் என்பதை நினையாதவன், அவ்வளவே. அந்த நினையாமையே ஒரு பாதத்தைச் சுடப் போதுமானதாகிறது.

'யாரும் பார்க்கவில்லையே' என்பது மூன்றாம் மறுப்பு. இதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, செயலால் சொல்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், உத்திரமேரூர் மக்கள் ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அமைத்திருந்தனர் என்பதைக் கல்வெட்டு காட்டுகிறது. அவர்கள் ஏரியைக் காத்ததற்கு அறம் மட்டும் காரணமன்று. அந்த ஏரி வற்றினால் அவர்கள் வயல் வற்றும். தன்னலமும் பொதுநலமும் அங்கே ஒரே மதகு வழியாகப் பாய்ந்தன. கூடாரத்தில் தங்குபவனுக்கோ அந்த ஏரியால் நாளை ஆகவேண்டியது எதுவும் இல்லை. அவன் அங்கு மீண்டும் வராமலே போகலாம். எனவே அவன் அந்த மணலில் செய்யும் நன்மையில் தன்னலத்தின் கலப்பு இல்லை. கைம்மாறு கிடைக்காத இடத்தில், கண்காணிப்பு இல்லாத வேளையில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறானோ, அதுவே அவனது உண்மையான ஒழுக்கம். ஏரிக்கரை இரவு அந்த ஒழுக்கத்தை அளந்து காட்டுகிறது.

கடமை முழுதும் விருந்தினனுக்கே உரியது என்று கூறிவிடுவதும் நடுநிலை ஆகாது. அழைப்பவனுக்கும் கடன் உண்டு. 2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியலுக்கு முன், சிலாங்கூரின் பத்தாங்காலி அருகே முகாமிட்டு உறங்கியவர்கள் மேல் மண்சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். மலைச்சரிவு, ஆற்றோரம், ஏரிக்கரை ஆகிய எங்கும் முகாமிடம் நடத்துவோருக்கு உரிமமும் நில ஆய்வும் எத்துணை இன்றியமையாதவை என்பதை நாடு அன்று துயரத்தோடு உணர்ந்தது. பழைய ஈயக்குட்டைகளும் அத்தகையவையே. கரையோரம் மணல் மென்மையாக இருக்கும். சில அடிகள் தள்ளிக் கால் வைத்தால் ஆழம் திடீரென்று விழும். அங்கே எச்சரிக்கைப் பலகை நடுவதும், வேலி இடுவதும், காவலரை அமர்த்துவதும் பூங்காவை நடத்துவோரின் கடமை. பலகையில் உள்ளதைப் படிப்பதும், பிள்ளைகளை அதற்குக் கீழ்ப்படியச் செய்வதும் பெற்றோரின் கடமை. ஒருவர் தம் கடனில் தவறினார் என்பது மற்றவர் தம் கடனைக் கைவிடுவதற்குக் காரணமாகாது.

அப்படியானால், விருந்தினன் தன் கடனை யாருக்குத் திருப்பிச் செலுத்துவது? மூழ்கிய காட்டுக்குச் செலுத்த முடியாது. மறைந்த சுரங்கத் தொழிலாளிக்கும் செலுத்த முடியாது. இதற்குத் தமிழ் மரபே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படை நூல்கள் உள்ளன. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் பெற்ற வளத்தை அவனும் பெறுமாறு வழிகாட்டுவதே ஆற்றுப்படையின் அமைப்பு. வள்ளலுக்குத் தர அவனிடம் ஒன்றுமில்லை. ஆதலால் அவன் தன் நன்றியைப் பின்வருபவனுக்குச் செய்யும் உதவியாக மாற்றுகிறான். பெற்றது முன்னோரிடம், செலுத்துவது பின்னோரிடம். ஏரிக்கரை விருந்தினனும் செய்யத்தக்கது அதுவே. அவன் தூய்மையாக விட்டுச் செல்லும் மணல், பின்வரும் முகமறியாக் குடும்பத்துக்கு அவன் சொற்களின்றிப் பாடும் ஆற்றுப்படை.

இவ்வாறு கடமையைச் சுமத்தினால் இன்பம் கெட்டுவிடாதா என்று ஐயுறுவோர் உண்டு. கெடாது. நீந்துவதற்கும் பாடுவதற்கும் விண்மீன்களை எண்ணுவதற்கும் அறம் தடை சொல்வதில்லை. இரவு வெகுநேரம் கழித்தும் ஒலிபெருக்கியை முழக்கி, அடுத்த கூடாரத்தில் உறங்கும் குழந்தையை எழுப்பாதே என்றுதான் சொல்கிறது. எல்லை அறிந்த இன்பம் குறைந்த இன்பமன்று. மறுநாள் நினைக்கும்போது கூசாத இன்பம்.

பேடன் பவல் 1907இல் பிரவுன்சி தீவில் இருபது சிறுவர்களைக் கொண்டு முதல் சாரண முகாமை நடத்தினார். அன்று முதல் உலகெங்கும் சாரணர்க்குக் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று, முகாமிட்ட இடத்தைத் துப்புரவாக விட்டுச் செல்வது. கூடாரக் குழியை மூடுவதும், சாம்பலை நனைத்து அப்புறப்படுத்துவதும் சின்னஞ்சிறு வேலைகளே. ஆனால் தந்தை குனிந்து ஒரு கண்ணாடித் துண்டைப் பொறுக்குவதைக் காணும் சிறுவன், வகுப்பறையில் ஓராண்டு கேட்கும் நீதிபோதனையை ஒரு நொடியில் கற்றுக்கொள்கிறான். அதே தந்தை வெற்றுப் புட்டியை மணலுக்குள் புதைப்பதைக் கண்டால், கண்ணுக்குத் தெரியாதது இல்லாததற்குச் சமம் என்னும் பாடத்தையும் அவன் அவ்வளவு விரைவாகவே கற்றுக்கொள்வான். பின்னாளில் அவன் அலுவலகத்தில் அமர்ந்து கணக்கெழுதும்போது இவ்விரு பாடங்களில் எது அவன் கையை நடத்தும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலகில் மனிதன் வாழும் வாழ்வே ஒரு தங்கல்தான் என்று சான்றோர் பலவாறு உணர்த்தியுள்ளனர். முன்னோர் ஆக்கிய நிலத்தில் வந்து தங்கி, சில நாள் நுகர்ந்து, பின்வருவோர்க்கு இடம்விட்டு நீங்குகிறோம். வாழ்நாள் முழுதும் கற்க வேண்டிய இந்த நடையை ஏரிக்கரையின் ஓரிரவு சுருக்கமாகக் கற்பிக்கிறது. கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிய பின், புறப்படுமுன் ஒருமுறை திரும்பி நின்று, தான் கிடந்த மணலை உற்று நோக்கிச் செல்பவனே நல்ல விருந்தினன்.