பதிலுக்குக் காத்திருத்தல்

கேட்ட உடனே பதில் சொல்பவரைக் கெட்டிக்காரர் என்கிறோம். வகுப்பில் முதலில் கை தூக்கும் பிள்ளை முதல் நேர்காணலில் மளமளவென்று பேசுபவர் வரை, அறிவை நாம் வேகத்தை வைத்தே எடைபோடுகிறோம். அந்த வேகம் மட்டும் போய்விட்டால் ஒரு மனிதர் என்ன ஆவார் என்பதை என் தோழியின் அருகில் இருந்து பார்த்துவருகிறேன்.

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஒரு வைரஸ் காய்ச்சல் வந்துபோன பிறகு பழையபடி எழவே இல்லை. நாட்பட்ட சோர்வு நோய் என்றார்கள். "எல்லாம் தெரியுதுடி. உள்ளதான் இருக்கு. வெளிய வர மாட்டேங்குது" என்பாள். ஆய்வுகள் கண்டதும் கிட்டத்தட்ட இதையே. இந்த நோயாளிகளுக்குச் சொல்வளமும் பொது அறிவும் பெரும்பாலும் குறைவதில்லை. கேட்டதை உள்வாங்கிப் பதில் தரும் வேகம் குறைகிறது, கவனம் நிலைப்பதில்லை, இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்த்து மனத்தில் நிறுத்த முடிவதில்லை. டிவி ஓடும் அறையில் பேசினால், என் வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் அவளிடமிருந்து நழுவிவிடும்.

2020இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நோயாளிகளைச் சாய்மேசையில் படுக்கவைத்து, மேசையை நிமிர்த்தி, மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அது 7 சதவீதம் குறைந்தது. நோயாளிகளுக்கு 26 சதவீதம். படுத்துக்கொண்டு பேசும்போது தெளிவாக இருப்பவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் தடுமாறுவது ஏன் என்று அதைப் படித்தபோது ஓரளவு பிடிபட்டது.

உழைத்த பிறகு வரும் சரிவுதான் பெரிய கொடுமை. அந்த உழைப்பு மூளை உழைப்பாகவும் இருக்கலாம். ஒரு வங்கிப் படிவத்தை நிரப்புகிறாள், அப்போது நன்றாகவே இருக்கிறாள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுகிறாள். பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படுவது அவள் நன்றாக இருக்கும் நேரம் மட்டுமே. "நல்லாத்தானே பேசுறா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இப்படிச் சொல்வது உறவினர்கள் மட்டுமல்ல. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இதே போன்ற நோயில் விழுந்தார்கள். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள், அவர்களில் ஒருவரையும் நேரில் பரிசோதிக்காமல், பழைய குறிப்பேடுகளை மட்டும் பார்த்து அதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அந்த எழுத்தின் நிழல் பல பத்தாண்டுகள் நோயாளிகள் மேல் விழுந்தது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

அமெரிக்க எழுத்தாளர் லாரா ஹில்லன்பிராண்டுக்கு 1987இல், கல்லூரியில் படிக்கும்போது இந்த நோய் வந்தது. 'சீபிஸ்கட்' என்ற பந்தயக் குதிரையின் கதையை எழுதிய காலத்தில், பக்கத்தைப் பார்த்தாலே அறை சுழலும். தலைசுற்றல் மிஞ்சும்போது படுத்து, கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். 2001இல் புத்தகம் வந்து லட்சக்கணக்கானோர் படித்தார்கள். அடுத்த புத்தகத்தின் நாயகன், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடிய லூயி சாம்பெரினி. அவரைத் தொலைபேசியில் பேட்டி கண்டே அந்தப் பெரிய நூலை எழுதினார்.

மனவலிமைக்கு உதாரணமாக ஹில்லன்பிராண்டைக் காட்டுவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. எழுத முடியாத நோயாளிகளை அந்தப் புகழ்ச்சி குற்றவாளிகளாக்கிவிடும். நான் பார்ப்பது வேறு. கையில் இருந்த கொஞ்சத் தெளிவை அவர் தனக்குப் பிரியமான வேலைக்குக் கொடுத்தார். என் தோழிக்கு அந்தப் பிரியம், மகளுக்குக் கதை வாசிப்பது. ஆனால் அவளுடைய தெளிவில் பெரும்பகுதி, தனக்கு நோய் இருப்பதை மற்றவர்களுக்கு நிரூபிப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது.

இப்போது நான் அவளிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்கிறேன், அதையும் எழுதி அனுப்புகிறேன். பதில் மறுநாள் வந்தாலும் சரி. உறவினர்களுக்கு விளக்கம் சொல்வதும் அலுவலகக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. அந்த நேரம் அவள் மகளுக்கு.