காண்டலும் கருதலும்

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு காரின் கூலன்ட், அதாவது எஞ்சினின் வெப்பத்தை ஏந்திச் செல்லும் நீர்மம், ஒழுகுமானால், ஈரம் தென்படும் இடத்தையே கசிவின் மூலமாகக் கொள்வது பிழையாகும். அழுத்தத்தில் கசியும் நீர் குழாய் வழியே இறங்கியும் விசிறிக் காற்றில் சிதறியும் வேறிடத்தில் சொட்டும். அறிவின் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கும் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் நெறியில், கருதலின் ஒரு வகை காரியத்தைக் கொண்டு காரணத்தை உய்த்துணர்வதாகும். ஆறிய எஞ்சினின் ரேடியேட்டரில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிக் கசிவை வெளிப்படுத்தும் மெக்கானிக், கருதியதைக் காண்டலாக்குகிறார். எஞ்சினின் தலைப்பகுதி இணைப்பை அடைக்கும் ஹெட் கேஸ்கட் பழுதுற்று நீர் எஞ்சினுக்குள்ளேயே ஆவியாகும்போதோ, வெளியே துளியும் இராமல் சைலன்சரின் வெண்புகையே சான்றாக எஞ்சலாம். கருதலின் அருமை இங்கேதான் விளங்குகிறது. 1977 மார்ச் 10 அன்று காவலூர் வானாய்வகத்திலும் பிற இடங்களிலும் பதிவான ஒரு விண்மீனின் ஒளிக்குறைவுகளிலிருந்து, எவரும் கண்டிராத யுரேனசின் வளையங்கள் இவ்வாறே உய்த்துணரப்பட்டன.