முதல் இரண்டு நாள் ஜுரம்

மும்பையை அடுத்த வாஷியில் ஒரு துணிக்கடையிலோ சிற்றுண்டி விடுதியிலோ வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் ஜுரம் கண்டு படுத்த நாளுக்குச் சம்பளம் உண்டா என்பது, அவர் எந்த மாநிலத்தில் படுத்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது. ஊரிலேயே கடைச் சிப்பந்தியாக இருந்திருந்தால், தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தற்செயல் விடுப்பு நீங்கலாக நோய்க்கென்றே ஆண்டுக்கு 12 நாள் அவருக்கு உண்டு. மகாராஷ்டிரம் 2017-இல் இயற்றிய கடைகள், நிறுவனங்கள் சட்டமோ, பத்துப் பேருக்குக் குறையாத இடங்களுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பை விதித்தது. ஜுரமும் அதற்குள், ஊரில் நேர்ந்த சாவும் அதற்குள்.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம் இதைவிடத் தயாளமுள்ளது. மாதம் 21,000 ரூபாயை ஊதிய உச்சவரம்பாகக் கொண்டு, தொழிலாளி நூற்றுக்கு 0.75-உம் யஜமானர் 3.25-உம் செலுத்த, நோயுற்றவருக்கு ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். அந்த நாட்களில் அவரை வேலையைவிட்டு நீக்குவதையும் அச்சட்டம் குற்றமாக்கியது. ஆயினும் ஒரு நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை என்பது அதன் பொது விதி. மருத்துவர் சான்று தந்தாலும், மூன்றாம் நாளிலிருந்துதான் கணக்கு.

சிறு நோய்களுக்கெல்லாம் கணக்கெழுதி மாளாது என்பதும், பொய் நோய்க்கு இடம் தரலாகாது என்பதுமே இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள். பொய் நோய் இல்லை என்று சாதிக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமைத் தலைவலி எல்லா யஜமானர்களும் அறிந்ததே. ஆனால் பொய்யன் இரண்டு நாளை இழந்து மூன்றாம் நாளுக்குக் காத்திருக்கும் சாமர்த்தியசாலி. மெய்யாகவே காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் எழுந்துவிடுபவருக்குத்தான் சல்லிக்காசு கிடைப்பதில்லை. நாட்கூலியில் வாழ்பவர் அந்த இரண்டு நாளும் படுத்திருக்க மாட்டார்; மாத்திரையை விழுங்கிவிட்டு, நோய் பிறருக்குத் தொற்றும் பருவத்திலேயே, நெரிசலான ரயிலேறி வேலைக்குப் போவார். சந்தேகத்தின் அபராதத்தை யோக்கியனிடம் வசூலிக்கும் ஏற்பாட்டைச் சிக்கனம் என்று சொல்லலாமே ஒழிய, தர்மம் என்று சொல்லுதல் அரிது.

நான்கே சிப்பந்திகளை வைத்திருக்கும் விடுதிக்காரரின் கட்சியையும் கேட்க வேண்டும். படுத்தவருக்கும் சம்பளம், அவருக்குப் பதிலாக வந்தவருக்கும் சம்பளம் என்றால் அவர் கல்லாவே படுத்துவிடும். பரோபகாரத்தை அவர் ஒருவர்மேல் மட்டும் சுமத்துவதும் அநீதியே. இதற்கு வழி வாஷியிலேயே இருக்கிறது. மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கும் மாதாடித் தொழிலாளருக்காக 1969-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வியாபாரிகள் கூலியோடு ஒரு தீர்வையையும் வாரியத்தில் செலுத்துகிறார்கள். மூட்டைக்கு மூட்டை யஜமானர் மாறினாலும் வாரியம் மாறாததால், வைப்புநிதியும் விடுமுறைக் கூலியும் எந்த ஒரு வியாபாரியின் கருணையையும் எதிர்நோக்கி நிற்பதில்லை. குறைபாடுகள் அதிலும் உண்டு. ஆயினும் தனியொருவரால் தாங்க முடியாத பாரத்தைப் பலர் தாங்கும் தத்துவம் அதில் நிலைபெற்றிருக்கிறது. சிறு விடுதிகளும் கடைகளும் அவ்வாறே ஒரு நிதியில் சேருமானால், முதல் நாள் ஜுரத்துக்கும் அதிலிருந்து கூலி தரலாம். அதனால் இட்லியின் விலை சற்று ஏறும் என்று ஆட்சேபிப்பார்கள். இன்று அது மலிவாக இருப்பதற்கு, இருமிக்கொண்டே அடுப்பின்முன் நிற்பவரின் இரண்டு நாள் கூலியும் ஒரு காரணமாக இருக்கும்வரை, விலை ஏறட்டும் என்பதைத் தவிர அந்த ஆட்சேபத்துக்கு வேறு பதில் இல்லை.