கல்லில் ஏறும் நிறம்

இன்பங்களுள் ஆரவாரமானவை உண்டு, அடக்கமானவையும் உண்டு. மது, சூது என்று ஆரவாரமானவற்றைப் பற்றி அறநூல்கள் நிறையவே பேசியிருக்கின்றன. அவற்றுக்குப் பெயரும் உண்டு, தண்டனையும் உண்டு. அடக்கமான இன்பங்களோ வீட்டின் ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்துகொண்டு, "நான் யாருக்கு என்ன தீங்கு செய்தேன்?" என்று கேட்கின்றன. இந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம்.

அத்தகைய இன்பம் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். துருக்கி நாட்டின் வெண்கல்லால் ஆன பழைய சுங்கானில், தனிமையில் அமர்ந்து புகை பிடிப்பதே அது. நான் புகைப்பவனல்லன். ஆயினும் ஃபிக்ஹுப் பாடத்தில் புகையிலையைப் பற்றிய பேச்சு வரும்போது, அதுவரை உறங்கி வழிந்த மாணவர்களும் நிமிர்ந்து உட்கார்வதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆகவே இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று.

அனத்தோலியா மேட்டுநிலத்தில் எஸ்கிஷெஹிர் என்றொரு நகரம் இருக்கிறது. 'பழைய நகரம்' என்பது அப்பெயரின் பொருள். அதன் சுற்றுப்புறங்களில் ஆழமாகக் குழி தோண்டி, மண்ணுக்குள் கட்டி கட்டியாகப் புதைந்து கிடக்கும் வெண்கல்லை எடுக்கிறார்கள். துருக்கியர் அதனை லூலெதாஷி என்பர். சுங்கானின் கிண்ணத்துக்குரிய கல் என்று பொருள். ஐரோப்பியர் மீர்ஷாம் என்பர்; ஜெர்மானிய மொழியில் கடல்நுரை என்று பொருள். கடலில் கிடைப்பதன்று, ஆனால் உலர்ந்த கட்டியை நீரில் போட்டால் மிதக்கும். அவ்வளவு நுண்துளைகள் அதற்குள் இருக்கின்றன. ஈரம் இருக்கும்வரை சவர்க்காரம் போலக் கத்திக்கு இணங்கும். செதுக்கி, உலர்த்தி, சூடான தேன்மெழுகில் தோய்த்து, மெருகேற்றி எடுத்தால் தந்தம் போலாகிவிடும். தலைப்பாகை அணிந்த சுல்தானின் முகத்தைச் செதுக்குவது அவ்வூர்க் கைவினைஞர்களுக்கு மிகவும் பிடித்தமான வேலை. உருவம் செதுக்கலாமா என்பது வேறொரு கட்டுரைக்குரியது. அதனை இங்கே தொடவில்லை. ஒரு காலத்தில் கல் மட்டும் வியன்னாவுக்குப் போய், அங்கேயே சுங்கான் ஆயிற்று. 1970களில் செதுக்காத கல்லை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் துருக்கி அரசு தடை செய்தது.

இக்கல்லின் சிறப்பு இனிமேல்தான் வருகிறது. புதிய சுங்கான் பால்வெண்மையாக இருக்கும். புகைக்கப் புகைக்கக் கல் புகையின் கசிவை உள்வாங்கும். முதலில் காம்பின் பக்கமும் கிண்ணத்தின் அடிப்பகுதியும் இளமஞ்சளாகும். பின்னர் தேன் நிறமாகும். ஆண்டுகள் பல சென்றபின் செம்பழுப்பாகும். அவசரக்காரனுக்கு இது ஒத்துவராது. வேகமாக இழுத்தால் கிண்ணம் கொதிக்கும். சூடான கிண்ணத்தில் விரல் பட்டால் கறை விழும் என்று காம்பை மட்டுமே பிடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே துடைத்து வைக்க வேண்டும். கரி படிந்து தடித்தால் கல் வெடிக்கக்கூடும். சிகரெட்டைச் சில நிமிடங்களில் எரித்துக் காலால் மிதித்துவிடுகிறோம். இதுவோ தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வருவது. புகையிலையின் சுவை பாதிதான், மீதிப் பாதி அந்த அமைதிதான் என்று இதனை விரும்புவோர் சொல்வார்கள். அது பொய்யென்று நான் கருதவில்லை. பொறுமை, பேணுதல், மௌனம், ஒரே பொருளோடு நெடுநாள் நிலைத்திருத்தல் ஆகிய யாவற்றையும் நாம் மிம்பரிலும் மேடையிலும் புகழ்கிறோம். இத்தனை நற்குணங்களைப் பழக்கித் தரும் ஒன்று தீயதாக இருக்க முடியுமா?

நம் முன்னோர்களை இக்கேள்வி மிகவும் அலைக்கழித்திருக்கிறது. புகையிலை ஹிஜ்ரி 1010 வாக்கில், அதாவது கி.பி. 1600ஐ ஒட்டி, உஸ்மானிய நாடுகளுக்கு வந்தது. அதற்கொரு பெயர் வைப்பதே சிக்கலாயிற்று. அரபியில் 'ஷுர்புத் துகான்', அதாவது புகையைக் குடித்தல் என்றார்கள். துருக்கியிலும் குடித்தல் என்னும் வினைதான். நம் தமிழிலும் சுருட்டுக் குடிப்பதாகத்தானே சொல்கிறோம்! குடிப்பது என்றதும் மதுவின் நினைவு வரும். ஆனால் இது அறிவை மயக்கவில்லை. உண்பதா என்றால் வயிற்றுக்குள் போகவில்லை. திருமறையிலும் நபிமொழியிலும் இதற்கு நேரான சொல் இல்லை.

ஆகவே கருத்துகள் பிளவுபட்டன. கெய்ரோவில் ஒரே மாலிகி மத்ஹபைச் சேர்ந்த இருவரில், நம் மதரஸாக்களில் ஓதப்படும் 'ஜவ்ஹரத்துத் தவ்ஹீத்' நூலை இயற்றிய இப்றாஹீம் அல்லகானி (மறைவு ஹிஜ்ரி 1041) புகையைத் தவிர்க்கச் சொல்லித் தனி நூல் எழுதினார். அலீ அல்உஜ்ஹூரி (மறைவு 1066) அறிவை மறைக்காத புகை ஆகுமானது என்று தனி நூல் எழுதினார். ஷாஃபிஈகளில் கல்யூபி ஹராம் என்றார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த பாஜூரி மக்ரூஹ் என்றார். மாணவர்கள் இதனைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதில்லை. புதியதொரு பொருளின் முன் நேர்மையாக நின்ற அறிஞர்கள் அவர்கள்.

அரசு செய்ததைக் கேட்டால்தான் நெஞ்சம் பதறும். 1633இல் இஸ்தன்பூல் நகரின் பெரும்பகுதியைத் தீ விழுங்கியபின், சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடினார். புகையிலையைத் தடை செய்து, மீறியவர்களுக்கு மரணதண்டனை விதித்தார். 'கஷ்ஃபுள் ளுனூன்' என்னும் பெருநூலால் நமக்கு அறிமுகமான ஹாஜி கலீஃபா என்ற காத்திப் செலெபி, 1656இல் எழுதிய 'மீஸானுல் ஹக்' நூலில் ஒரு செய்தி தருகிறார். பக்தாத் படையெடுப்பின்போது ஒரு தங்குமிடத்தில், படையின் முக்கியஸ்தர்கள் பதினைந்து இருபது பேர் புகைத்த குற்றத்துக்காகச் சுல்தானின் முன்னிலையிலேயே வதைத்துக் கொல்லப்பட்டார்கள். அந்நேரத்திலும் சில சிப்பாய்கள் சட்டைக் கைக்குள் குட்டைச் சுங்கானை ஒளித்து வைத்துப் புகைத்துக்கொண்டிருந்தார்களாம்! அடக்கமான இன்பத்தின் பிடி எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சுல்தான் மதுவில் பெருநாட்டமுடையவராக இருந்தார் என்று வரலாறு எழுதியோர் சொல்வதையும் ஓரமாக நினைத்துக்கொள்ளலாம்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பவர் பஹாஈ முஹம்மது எஃபெந்தி (மறைவு 1654). முராதின் காலத்தில் ஹலப் நகரின் காழியாக இருந்தபோது, புகைத்தார் என்பதற்காகப் பதவி இழந்து சைப்ரஸ் தீவுக்குக் கடத்தப்பட்டவர். காலம் மாறிற்று. அவரே பின்னர் ஷைகுல் இஸ்லாம் ஆனார். புகையிலை ஆகும் என்று ஃபத்வாவும் வழங்கினார். தமக்குப் பிடித்ததைத் தாமே ஆகுமாக்கிக்கொண்டார் என்று ஊர் பேசாமலா இருந்திருக்கும்? காத்திப் செலெபி அவருக்காக வாதாடுகிறார். அவருடைய தீர்ப்பு சொந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததன்று. மக்களின் நிலையைக் கருதியும், விலக்கு வராதவரை பொருள்கள் அடிப்படையில் ஆகுமானவையே என்னும் விதியைப் பற்றியும் சொன்னதே என்கிறார்.

ஒரு பொருளை விரும்புகிறவன் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா? கூடாது என்றுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் அதனைச் சுவைத்தறியாத நான், அதனை விடச் சொல்வது எவ்வளவு எளிது! இழப்பது என்னவென்றே எனக்குத் தெரியாது. விரும்புகிறவனின் தராசு ஒரு பக்கம் சாயும். விரும்பாதவனின் தராசில் ஒரு தட்டே இல்லை. ஆகவே தீர்ப்புச் சொன்னவர் யார் என்று பார்ப்பதைவிட, எந்த விதியின்மேல் நின்று சொன்னார் என்று பார்ப்பதே சரியென நினைக்கிறேன்.

பஹாஈ எஃபெந்தி நின்ற விதி உறுதியானது. தீங்கு தெளிவாகாதவரை தடை இல்லை. அன்று தீங்கு தெளிவாகவில்லை. புகையால் கண் கெடும் என்றனர் சிலர். சளி தீரும் என்றனர் வேறு சிலர். இருவரிடமும் சான்று இல்லை. அச்சான்று முந்நூறு ஆண்டுகள் தாமதித்து வந்தது. 1950இல் இங்கிலாந்தின் டோல், ஹில் என்னும் இரு ஆய்வாளர்கள் புகைப்பழக்கத்தையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துக் காட்டினர். 1964இல் வெளியான அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை அதனை ஐயத்துக்கு அப்பால் நிறுத்தியது. நாங்கள் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு விட்டுவிடுகிறோம் என்பது சுங்கான் அன்பர்களின் வாதம். அதே அறிக்கையில் சுங்கானுக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பும் எழுதப்பட்டிருக்கிறது. வாய், நாக்கு, தொண்டை, நுரையீரல் எதுவும் தப்புவதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. அனுமதி எந்த வாயில் வழியாக உள்ளே வந்ததோ, அதே வாயில் வழியாக வெளியேறிவிட்டது. பஹாஈ எஃபெந்தி இன்று இருந்தால் தம் விதியைக் கொண்டே தம் ஃபத்வாவை மாற்றியிருப்பார் என்பது என் எண்ணம்.

யாருக்கு என்ன தீங்கு என்னும் கேள்விக்கும் விடை இங்கே கிடைக்கிறது. உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதற்குச் செய்வதும் தீங்குதான். மூலையில் எழும் புகை மூலையோடு நிற்பதுமில்லை. மனைவியும் பேரக்குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

அந்தத் தேன் நிறத்தை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உரிமையாளர் நண்பர்களிடம் பெருமையோடு காட்டுகிறாரே, அந்நிறத்தை ஊட்டியது எது? புகையின் கசிவும் தாரும். கல்லும் மனிதனும் ஒரே புகையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கல்லின் பங்கு வெளியே தெரிகிறது, அழகாகவும் இருக்கிறது. மனிதனின் பங்கைப் பார்க்கக் கண்ணாடி இல்லை.

இவ்வளவு சொன்னபிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. துருக்கியில் 2008இல் பொது இடங்களின் உட்புறத்திலும், 2009இல் காப்பிக் கடைகளுக்குள்ளும் புகைத்தல் சட்டத்தால் விலக்கப்பட்டது. முராதைப் போல் தலையைக் கொய்யவில்லை, அபராதம் மட்டுமே. சரியான சட்டம்தான். ஆனால் இருபது ஆண்டுகள் ஒரு கல்லைப் பேணிய முதியவரிடம், அதை விட்டுவிடுங்கள் என்று மருத்துவரும் ஆலிமும் மகனும் சொல்கிறார்களே, அஸருக்குப் பின் மஃரிபு வரை அவர் தம் கைகளை என்ன செய்வார் என்று எவரேனும் கேட்கிறார்களா? அந்தப் பொறுமை புகையிலையுடையதன்று, அவருடையது. அது இருப்பதற்கு ஓர் இடம் வேண்டும். நல்லுரை சொல்வோர் இந்த இடத்தைப் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டுச் செல்கிறார்கள். அவர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் சுங்கானை எடுத்தால் வைராக்கியமில்லாதவர் என்கிறார்கள்.

எஸ்கிஷெஹிரில் அதே கல்லில் தஸ்பீஹ் மணிகளும் கடைகிறார்கள்; மோதிரமும் மாலையும் செய்கிறார்கள். சுங்கான்களிலும் பல, வாங்கியவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒருமுறையும் தீக்காணாமல் நிற்கின்றன. முப்பது ஆண்டுகள் கழிந்தாலும் சுல்தானின் முகம் வெளுப்பாகவே இருக்கும். சுங்கான் அன்பர்கள் அதைக் கண்டால், பிறந்த அன்றே உறங்கிவிட்ட குழந்தையைக் கண்டது போல வருந்துவார்களாம்.